தாய்க்கல்லுக்குத் தண்ணீர்

ராஜபாளையம் பீர் மைதீனுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி தண்ணீர்தான். குளிக்கவும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யவும் மட்டும் அதோடு சமாதானம். மற்ற நேரத்தில் யார் இடுப்பிலாவது குடத்தைப் பார்த்தால், எங்கே கொட்டப் போகிறார்களோ என்று கண் அதன் பின்னாலேயே போகும்.

எல்லாம் தொழில் படுத்தும் பாடு. துபாயில் பழகிவந்த மைக்ரோ சிமெண்ட் தரை வேலை. பழைய தரையை உடைக்காமல், அதன்மேல் கண்ணாடி இழை வலையைப் பதித்து, சிமெண்டை மெல்லிசாக இழுத்து, காய்ந்ததும் தேய்த்து, கடைசியில் சீலர் என்கிற காப்புப் பூச்சைப் பூசுவார். அப்புறம் அதில் என்னத்தைப் போட்டு உருட்டினாலும் தாங்கும். ஆனால் சீலர் இறுகும்வரை சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. நம் ஜனங்களோ சிமெண்டைக் கண்டால் நனைக்காமல் விடமாட்டார்கள். சொந்தமாக ஒரு கக்கூஸ் கட்டியவர்கூட அந்த விஷயத்தில் இன்ஜினியர்தான்.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு மெஸ்ஸுக்குப் போட்ட தரை அப்படித்தான் நாசமாகப் போயிற்று. படித்துப் படித்துச் சொல்லியும், ஐயோ காயுதே என்று இரக்கப்பட்டு ஓனர் யாருக்கும் தெரியாமல் தண்ணீரை ஊற்றிவிட்டார். தேமல் விழுந்த முதுகு மாதிரி தரை முழுக்க வெள்ளைத் திட்டு. ஊற்றியவர் வாயே திறக்கவில்லை. கெட்ட பேர் பீர் மைதீனுக்கு. அதோடு வேலையும் வரவில்லை.

ரொம்ப நாளைக்கு அப்புறம் கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வேதசிரோமணி அண்ணாச்சியின் பால்கோவா பட்டறை. இரும்புச் சட்டி இழுபடும், பால் கேன் உருளும், சீனி சிந்தும் இடம். இதுவும் கெட்டால் இந்தத் தொழிலுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். அண்ணாச்சியோ தன் வீட்டைக் கூடவே நின்று கட்டியவர். முதல் நாளே, நனைக்க எம்புட்டு நீளம் டியூப் வேணும் என்று விசாரித்தார். தண்ணீரே கூடாது என்றதும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பீர் மைதீனுக்குக் கிருஷ்ணன்கோவில் தரை கண்முன் வந்து நின்றது.

வீட்டில் வந்து புலம்பினார். அவர் மனைவி நூர்னிசா, சமையலுக்கு நடுவே வந்து யோசனை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரிகளை உரிக்கப் பூண்டு கொடுத்தே சமாளிக்கிறவள்.

"தொடாதீங்கன்னா யாரு கேப்பா? அவிய கைக்கு ஒரு வேலையக் குடுங்க," என்றாள்.

மறுநாள் பீர் மைதீன் சாதா சிமெண்டைக் குழைத்துப் பட்டறைக்குப் பின்னால் முறம் அகலத்துக்கு ஒரு பலகை போட்டார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இது தாய்க்கல்லு. இது குளுந்தாத்தான் உள்ள இருக்க தரை இறுகும். உள்ள ஒரு சொட்டு பட்டாலும் ரெண்டும் போச்சு."

அண்ணாச்சி பயபக்தியோடு தலையாட்டினார். அன்றிலிருந்து அந்தக் கல் வாழ்ந்த வாழ்வே வாழ்வு. சுற்றிக் களிமண்ணால் வரப்பு, மேலே ஈரச்சாக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சலவை வேட்டியோடு நேரே கல்லிடம்தான் வந்தார். பட்டறைக்குள் எட்டிப் பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

தரை பிரமாதமாக வந்தது. முதல் பால் காய்ச்சிய அன்று சட்டியைத் தரதரவென்று இழுத்தார்கள், ஒரு கீறல் இல்லை. பீர் மைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழக்கதோஷம், அது தரையில் சொட்டுமுன் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

பார்க்க வந்தவர்களை அண்ணாச்சி முதலில் கொல்லைக்குத்தான் கூட்டிப்போனார். தரையை யாரும் போட்டுவிடலாம், கல்லைப் பேணுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று விளக்கமும் சொன்னார். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. உண்மையைப் போட்டு உடைக்க பீர் மைதீனுக்கு நாக்கு துடித்தது. உடைத்தால் அடுத்த தரையிலும் தண்ணீர்தான் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூட்டத்திலிருந்து வன்னியம்பட்டி ரைஸ்மில் பாண்டிதுரை மட்டும் அவர் பக்கம் வந்தார். தன் மில்லுக்கும் இதே தரை வேண்டுமாம். பீர் மைதீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு பாய்," என்றார் பாண்டிதுரை. "தரைய நீங்க போடுங்க. தாய்க்கல்லுக்குத் தண்ணி மட்டும் அண்ணாச்சி கையால ஊத்தணும். அவிய கைராசிதான இம்புட்டும்."

 பீர் மைதீன் நேரே அண்ணாச்சியிடம் போய், வன்னியம்பட்டிக்கு வர எந்த நாள் தோதுப்படும் என்று பணிவாகக் கேட்டார்.