கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவர்

என் மருமகள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்றைக்கு எத்தனை போர்வை உள்ளே வந்தது, எத்தனை மடித்து வெளியே போனது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் ஒரு முழு மனுஷனை மலையில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். தெருவில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், நான் சொல்வதுதான் சரி.

வருஷா வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு நிதி சேர்க்க மலையில் பந்தயம் நடக்கும். சனிக்கிழமை சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். கல், மண், வேர் என்று பார்க்காமல் ஏறி இறங்குகிற தடித்த டயர் சைக்கிள் அது. என் மகன் சனிக்கிழமை பஞ்சர் ஒட்ட, செயின் மாட்ட, ஞாயிற்றுக்கிழமை எடுபிடி வேலை என்று இரண்டு நாளும் அங்கேயே கிடப்பான். மருமகள் முதல் வருஷம் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தாள். எல்லோரும் வந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வந்து சேர்ந்தாள். பந்தயத்தை நடத்துகிற விளையாட்டு வாத்தியார் சிரிக்கவில்லை. இவ்வளவு பொறுமையான ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று, அடுத்த வருஷமே அந்தக் கடைசி இடத்தை அவளுக்கு வேலையாகக் கொடுத்துவிட்டார்.

எல்லோருக்கும் பின்னால் ஓட வேண்டும். வழி தெரிவதற்காகக் கட்டிய மஞ்சள் ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும். கால் சுளுக்கி உட்கார்ந்தவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டி வர வேண்டும். தெருவில் அவளுக்குக் 'கடைசி' என்றே பேர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் பெருமை. ஓட்டம் கிளம்புமுன் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒன்றே ஒன்று சொல்லுவாள்: "ரிப்பன் கண்ணுல படலைன்னா அங்கேயே உட்காந்துடுங்க. எனக்குப் பின்னாடி யாரும் கிடையாது. நான் வந்தே தீருவேன்."

இந்த வருஷமும் பை நிறைய ரிப்பனோடு வந்து, நான் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் மேசையில் சாய்ந்தாள். வாத்தியார் பட்டியலைப் பார்த்தார். ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் டிக் விழவில்லை. எங்கள் தெரு சலூன்காரர். நேராக வீட்டுக்குப் போயிருப்பார் என்று வாத்தியார் சமாளித்தார். சலூன்காரர் மனைவி காய்ந்த சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். வியர்வைச் சட்டையோடு அவர் தெருவில் இறங்கவே மாட்டார் என்றாள். அது எனக்கும் தெரியும்.

மருமகள் முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தை, எல்லா ரிப்பனையும் நானே அவுத்துட்டேனே."

மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் பழைய கல்குவாரிப் பள்ளம். ரிப்பன் இல்லாமல் எது எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, அவிழ்த்த ரிப்பனையெல்லாம் திரும்பக் கட்டிக்கொண்டே மேலே போனாள். மகன் சைக்கிளில் குவாரிப் பக்கம் போனான்.

கீழே பந்தலைப் பிரித்தார்கள். மேசையை வண்டியில் ஏற்றினார்கள். என் நாற்காலியைக் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்தது. அந்த மனுஷன் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சட்டையும் கையுமாக அந்தப் பெண் என் பக்கத்தில் நின்றாள்.

அவர் இருந்தது பாதை பிரிகிற அந்த இடத்திலேயேதான். அவசரத்துக்கு ஒதுங்கியிருக்கிறார், கூச்சக்காரர், ரொம்ப தூரம் உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து இவள் கடந்துவிட்டாள். திரும்பி வந்தால் ஒரு ரிப்பனையும் காணோம். ஒரு கல்லின் மேல், அவர் கடையில் முறைக்குக் காத்திருப்பவர்களைப் போலவே, முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்துவிட்டார். ஓர் அடி நகரவில்லை. இவள் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

"எதுக்கு அழறே தங்கச்சி? நீதானே உட்காரச் சொன்னே?" என்றாராம் அவர்.

இறங்கி வரும்போது அவள் முன்னால் வந்தாள். பின்னால் அவர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ரிப்பனாக அவிழ்த்துக்கொண்டு.

"இந்த வருஷம் கடைசி நான்தான் பாட்டி. உங்க மருமக எனக்கு முன்னாடியே ஓடிட்டா" என்றார் என்னிடம். அவர் மனைவி சட்டையை அவர் முகத்தில் வீசினாள்.

வாத்தியார் டிக் போட்டார். போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்காலியைக் கொடுத்தேன்.