காந்தம் இல்லாமல் வந்த பொறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, சாமி வந்து இறங்குவது எதிலும் நம்பிக்கை கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் வேலை பார்த்தவள் நான். முடி மாதிரி இருக்கும் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் மீட்டர் வைத்துப் பார்ப்போம். முள் நகர்ந்தால் உயிர் இருக்கிறது, நகராவிட்டால் குப்பை. நடுவில் ஒன்றும் கிடையாது. அப்படிப் பழகிய புத்தி. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. பழவேற்காடு ஏரிக்கரைக்காரர். ஆவடியில் ஃபேக்டரி வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தார், கோவில்பதாகையில் இந்த வீட்டைக் கட்டினோம். ஆனால் மனசு மட்டும் அந்த ஏரித் தண்ணீரிலேயே கிடந்தது போலிருக்கிறது. எங்கேயோ காயலான் கடையிலிருந்து ஒரு பழைய படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். படகின் பின்பக்கம் மாட்டுவார்களே, கீழே விசிறி சுற்றுமே, அது. எங்கள் இரண்டு பேரையும்விட வயசான மோட்டார். பின்கட்டில் மரச்சட்டம் அடித்து அதில் மாட்டி, அடியில் தண்ணீர் டிரம் வைத்து, ஞாயிற்றுக்கிழமையானால் கயிற்றைச் சுண்டி ஓட்டுவார். தெருவெல்லாம் புகை.

"ரிட்டயர் ஆவட்டும், இத்த போட்டுல மாட்டி, உன்ன முன்னால குந்த வச்சி, ஏரி ஃபுல்லா ஒரு ரவுண்டு இட்டுக்கினு போறேன் பாரு" என்பார்.

"மொதல்ல கேஸ் சிலிண்டர மாத்துங்க" என்பேன் நான்.

ரிட்டயர் ஆவதற்குள், ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அந்த மோட்டாரை யாரும் ஓட்டவில்லை. அவருடைய மழைக்கோட்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். துணி காயப்போடப் போகும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது.

போன கார்த்திகையில் அவர் தம்பி சேகர் ஊரிலிருந்து வந்தான். அவனுக்குப் படகுதான் பிழைப்பு. அவன் மோட்டார் அடியோடு போய்விட்டது.

"அண்ணி, அண்ணனோடது சும்மாதான கீது. ஓடுச்சின்னா எட்த்துக்கினு போவட்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

கேட்டது தப்பில்லை, எப்படி முடியாது என்பது? சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள் அது ஓடவே கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் தகரக் கூரை உண்டு, நனையவில்லை. தெருவுக்கே கரண்ட் போய் இருட்டிக்கொண்டு வந்ததால் அவன் செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டான், நான் மோட்டார் முன்னால் உட்கார்ந்தேன். புது பெட்ரோல் ஊற்றி அவன் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியென்றால் எண்ணெய் வருகிறது, நெருப்புதான் வரவில்லை. பிளக்கை ஒயரோடு மோட்டார் உடம்பின் மேல் படுக்க வைத்து இழுக்கச் சொன்னேன். பொறி இல்லை. வேறு பிளக் போட்டோம், இல்லை. மேலே கனமாக ஒரு சக்கரம் இருக்கும், அதற்குள்தான் காந்தம். அது காயிலைச் சுற்றி ஓடினால்தான் கரண்டே பிறக்கும். அதையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, உள்ளே கறுத்துக் கிடந்த, பொறிக்குக் கரண்டை வெட்டிக் கொடுக்கும் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசியாகக் காயிலுக்கு மீட்டர் வைத்தேன். முள் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"காயில் செத்துப்போச்சு சேகரு."

"அப்போ இது எயுந்துக்காதா அண்ணி?"

அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அடுத்த நிமிஷமே அப்படி நினைத்தது உறுத்தியது. அவன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வழக்கம்போல, போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரரிடமே கேட்டேன், வாய்விட்டுத்தான்.

"ஏங்க, குட்த்துடட்டுமா? நீங்களே சொல்லுங்க."

சேகர் சட்டென்று ஒரு எட்டு பக்கத்தில் நகர்ந்தான். லைட் என் முகத்தில் அடித்தது, மோட்டார் இருட்டுக்குள் போனது. ஈரத்தில் வழுக்கிவிட்டான் என்று நினைத்துத் தலையைத் திருப்புகிறேன், டிக்கென்று ஒரு சத்தம்.

பிளக்கின் நுனியில் நீலப் பொறி.

நம்பினால் நம்புங்கள், திரும்பவும் வந்தது. திரும்பவும். நிதானமாக, விட்டுவிட்டு, என் கைவிரல் ரேகை தெரியும் அளவுக்கு வெளிச்சம். யாரும் கயிற்றைத் தொடவில்லை. காந்தச் சக்கரம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிறது. பேட்டரி கிடையாது, தெருவில் கரண்ட் கிடையாது, காயில் செத்துக் கிடக்கிறது. சேகர் கையிலிருந்து போன் விழுந்து லைட் கவிழ்ந்துகொண்டது. எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் மனசு கெஞ்சியது. பிறகு நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டும்.

மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஒரு பழைய மொபெட் காயிலைத் தேடி வாங்கி, அளவுக்கு ராவிப் பொருத்தினேன். சக்கரத்தை மாட்டிச் சேகர் கயிற்றைச் சுண்டினான், ஓடியது. அவருடைய அதே புகை. சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் மரச்சட்டத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

மாசி மாசம் பழவேற்காட்டுக்குப் போனேன். சேகர் என்னைப் படகில் முன்னால் உட்கார வைத்து அழைத்துப் போனான். நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினான். சுற்றிலும் தண்ணீர்தான். அவர் காட்டுகிறேன் என்று சொன்னதெல்லாம் எதிரே இருந்தது, பக்கத்தில் அவர் மட்டும் இல்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்" என்றான் சேகர். "அன்னிக்கு நான் பொறியப் பாக்கவே இல்ல."

"பின்ன எதுக்குடா போனக் கீய போட்ட?"

"எனக்குப் பின்னால, அந்த சமையக்கட்டு வாசல்ல, அண்ணன் கொரலு. 'டேய் சேகரு, கொஞ்சம் தள்ளிக்கினு நில்றா. அவ மூஞ்சி தெர்ல'ன்னு. அதான் நவுந்தேன். நவுந்தப்பறந்தான் அண்ணன் இல்லன்னு ஒறச்சிது, போன் கைல நிக்கல."

அன்றைக்கு எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வாசல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் யாரைப் பார்த்திருப்பேன் என்பதுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

இப்போதெல்லாம் பின்கட்டில் வேலை இருந்தால் சமையல்கட்டு வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறேன். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் எழுந்து போய் விளக்கைப் போட்டுவிடுகிறேன்.