கூவம் பாலம் தாண்டும் வரை

சௌம்யாவுக்கு இரண்டு கைதான். இதையெல்லாம் எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் அடுக்குமாடியில் ஒருத்தருக்கும் இது தெரிந்த மாதிரி இல்லை. "சின்னவனை இடுப்பில வெச்சுக்கோ, பெரியவளைக் கையில பிடிச்சுக்கோ, பையைத் தோள்ல மாட்டிக்கோ, வெயில் அடிக்குது பாரு, குடையை விரிச்சுக்கோ" என்று லிஃப்ட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பாடம் எடுப்பார்கள். அந்த லிஃப்ட் கதவைக் கொஞ்சம் பிடித்து நிறுத்த மட்டும் யாருக்கும் கை நீளாது.

நான் ஞானகுமாரி. பூந்தமல்லியில் சௌம்யாவுக்கு எதிர் ஃப்ளாட். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். சௌம்யா தேனிப் பெண். தர்மபுரியில் வாக்கப்பட்டு, புருஷன் ராகவனின் ஐ.டி. வேலைக்காக இங்கே வந்தவள். மூத்தது மகிழினி, போன ஆடியில் இரண்டேகால் வயசு. அடுத்தது அகரன், ஒன்பது மாசம். நடுவில் பதினெட்டே மாசம். இரண்டையும் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு, கடைக்கு, பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு என்று அவள் அலையாத நாள் இல்லை.

அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். துப்பட்டாவை இடது தோளில் ஊக்கு போட்டுக் குத்திக்கொள்வாள். அதன் முனையை மகியின் கையில் கொடுத்து, "விடாதே" என்பாள். அகரன் மார்போடு, பை வலது தோளில், பின்னால் துப்பட்டாவைப் பிடித்தபடி மகி. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. தோளில் இழுப்பு இருந்தால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மகி நடுரோட்டில் மல்லாந்து படுத்து ஊரைக் கூட்டுவாள், அது வேறு விஷயம். அவள் கத்தினால் ஏழாவது மாடியில் கதவைத் திறந்து பார்ப்பார்கள்.

இந்தக் கத்தலைப் பார்த்துவிட்டுத்தான் ராகவனின் அம்மா, "சின்னவன் நடக்கிற வரைக்கும் பெரியவள் எங்கிட்ட தர்மபுரியில இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராகவனும் பாதி மனசாகத் தலையாட்டினான். சௌம்யா ஒத்துக்கொள்ள மாட்டாள். "என் புள்ளையை நான் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு, அழுவதற்கு என் வீட்டுக்கு வருவாள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகிக்கு முடி இறக்கத் திருவேற்காடு போனார்கள். அகரன் வயிற்றில் இருந்தபோது இரத்தம் பட்டு, கருமாரியம்மனுக்கு அவள் நேர்ந்துகொண்டது. ஆடி ஞாயிறு என்றால் கூட்டத்தைக் கேட்க வேண்டியதில்லை. மொட்டை போட்டு, குளிப்பாட்டி, தலை நிறையச் சந்தனம் பூசி, வாசல் கடையில் வாங்கிய மஞ்சள் துண்டைப் போர்த்திவிட்டார்கள். அந்தக் கடையில் இருந்த துண்டெல்லாம் ஒரே மஞ்சள்.

"முடி போனதும் யாரோ மாதிரி ஆயிட்டாக்கா" என்றாள் சௌம்யா. மகிக்கு நெற்றியில் விழும் சுருட்டை முடி. அது போனதும் நெற்றி பெரிதாகி, கண் சின்னதாகி, பார்வையே மாறிவிட்டது. கத்திக்கொண்டிருந்த பிள்ளை, மொட்டை போட்டதும் வாயை மூடிக்கொண்டு அம்மாவையே உற்றுப் பார்த்ததாம். சௌம்யாவுக்கு அது பிடிக்கவில்லை. சாமி காரியம் நடந்த இடத்தில் இப்படி நினைக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ராகவனுக்கு ஆபீஸிலிருந்து ஃபோன். ஏதோ சர்வர் விழுந்துவிட்டது, உடனே வந்து வேலையில் உட்கார வேண்டும். வரும்போது அவன் பைக்கில், இவளும் பிள்ளைகளும் ஆட்டோவில். பைக்கில் நான்கு பேர் போக முடியாது. "உன்னால முடியுமா? முடியலைன்னா சொல்லிடு, நாளைக்கே அம்மாவை வரச் சொல்றேன்" என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான் என்று சௌம்யா இன்றும் சொல்கிறாள், எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. அதற்குமேல் அவள் எப்படி முடியாது என்பாள்? "நான் கூட்டிட்டு வர்றேன், நீங்க கிளம்புங்க" என்றாள்.

செருப்பு விடும் இடத்தில் தள்ளுமுள்ளு. அகரனை மார்போடு அணைத்தபடி குனிந்து இரண்டு ஜோடி செருப்பைப் பொறுக்கினாள். தோளில் இழுப்பு இல்லை. நிமிர்வதற்குள் இழுப்பு வந்துவிட்டது. கீழே பார்த்தாள்: சந்தனத் தலை, மஞ்சள் துண்டு, துப்பட்டா முனையைப் பிடித்திருந்த குட்டிக் கை. "விடாதே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். செருப்பு மாட்டவும் மறந்துபோய், பையில் போட்டுக்கொண்டே நடந்தாள்.

கூட்டத்தில் பெரிய பிள்ளையின் முகம் யாருக்குத் தெரிகிறது? இடுப்பில் இருப்பதன் முகம்தான் தெரியும். மற்றது வெறும் உச்சந்தலை. அவளைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சந்தனத் தலைகள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சேலை முனையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் நகர்ந்துகொண்டிருந்தன. வேப்பிலை வாடையும் வெயிலும் சேர்ந்து அவளுக்குத் தலை சுற்றியது. இழுப்பு மட்டும் விடவில்லை. ஒரே அளவாக, ஒரு தரம்கூட முரண்டு பிடிக்காமல் வந்துகொண்டிருந்தது. அப்பாடா, இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு நல்ல புத்தி வந்திருக்கிறது என்று சௌம்யா நினைத்தாள்.

வேலப்பன்சாவடிக்கு ஷேர் ஆட்டோ நின்றது. அங்கே போனால் பூந்தமல்லி பஸ் பிடித்துவிடலாம். "இன்னாம்மா, ரெண்டு கொயந்தையா? உள்ளாற தள்ளிக் குந்துமா" என்று டிரைவர் யூசுப் பாய் இடம் பண்ணிக்கொடுத்தார். பெரியதைத் தூக்கி ஒரு தொடையில், அகரன் இன்னொரு தொடையில். ஆட்டோ கிளம்பியது.

சந்தனம் வழிந்து பிள்ளையின் காதுக்குள் போனது. துடைத்துவிட்டாள். விரலுக்குத் தோடு தட்டுப்படவில்லை.

முதலில் அவளுக்கு வந்தது என்ன தெரியுமா? தோடு போச்சே என்கிற கவலை. மாமியார் போட்ட தோடு. குனிந்து ஆட்டோ தரையில் தேடினாள். துண்டை உதறினாள். மற்ற காதைப் பார்த்தாள், அதிலும் இல்லை. திருகாணி வைத்த தோடு இரண்டு காதிலும் ஒரே நாளில் எப்படி விழும் என்று யோசித்துக்கொண்டே காதுமடலைத் தடவினாள். துளையே இல்லை.

அப்புறம்தான் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். அது ஒரு பையன். மகி வயசுதான். அழவில்லை, பயப்படவில்லை. துப்பட்டா முனை இன்னும் அவன் கையில் இருந்தது. ரொம்ப நாள் தெரிந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்து, "அம்மா" என்றான்.

எதிரே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இது என் குழந்தை இல்லை என்று சௌம்யா வாய் திறந்தால் என்ன ஆகும்? பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் எல்லார் ஃபோனிலும் ஒரு வீடியோ வந்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். கூவம் பாலம் தாண்டியதும், "அண்ணா, நிறுத்துங்க, கோயில்ல செருப்பை விட்டுட்டேன்" என்று இறங்கினாள். அன்று சாயங்காலம் இதை என்னிடம் சொன்னபோது, "புத்திசாலிடி நீ, கத்தியிருந்தா அங்கேயே கட்டி வெச்சிருப்பாங்க" என்று மெச்சினேன்.

எதிர்ப்பக்கம் வந்த ஆட்டோவைப் பிடித்துத் திரும்பினாள். "உன் பேரு என்னடா கண்ணு?" என்று கேட்டாள். "அம்மா." "உங்க அம்மா எங்கே?" அவன் அவளையே காட்டினான். மகி எங்கே, யார் கையில், எந்த வண்டியில் என்று நினைக்க நினைக்கப் பயம் ஏறியது. ராகவனுக்கு ஃபோன் செய்ய மூன்று தரம் எடுத்தாள். எடுத்து என்னவென்று சொல்வது?

செருப்பு விடும் இடத்தில் யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஒரு தாய் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு நிற்பாள் என்று எதிர்பார்த்து ஓடி வந்தாள். அப்படி ஒருத்தியும் இல்லை. மைக்கில் கூழ் ஊற்றும் நேரம் சொன்னார்கள், காணாமல் போன சாவிக்கொத்தைச் சொன்னார்கள். ஒரு பிள்ளையைக்கூடச் சொல்லவில்லை. இந்தப் பையனை யாருமே தொலைக்கவில்லையோ, முதலிலிருந்தே அவளுக்காகத்தான் அங்கே நின்றிருந்தானோ என்றெல்லாம் அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அவளைச் சுற்றி சந்தனத் தலைகள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பேர் திட்டினார்கள்.

அப்போது தோளில் இழுப்பு வேறு பக்கம் வந்தது. பையன் இழுத்தான். இவள் பின்னால் போனாள். கடைகளைத் தாண்டி, பஸ் நிற்கிற இடம் வரை கூட்டிப்போனான். அங்கே புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்ற பஸ்ஸில், ஜன்னலோரம் மஞ்சள் துண்டுக்குள் ஒரு முகம்.

"மகி!"

மகி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கையில் இருந்த முறுக்கைக் கடித்தாள். முன்பின் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை. சௌம்யா இன்னொரு தரம் கூப்பிட்டாள். மகி மறுபடி முறுக்கைக் கடித்தாள்.

படியேறி உள்ளே ஓடினாள். மகிக்குப் பக்கத்தில் சௌம்யா வயசில் ஒரு பெண் இருந்தாள். கசங்கிய சுடிதார், கண்ணுக்குக் கீழே கறுப்பு, தோளில் தூங்கும் கைக்குழந்தை, துப்பட்டாவில் ஊக்கு. கண்ணாடியில் தன்னையே பார்த்த மாதிரி இருந்தது என்றாள் சௌம்யா. அந்தப் பெண் பதறவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. சௌம்யாவையும் பின்னால் நின்ற பையனையும் பார்த்தாள். மெதுவாக எழுந்து, மகியைத் தூக்கி நீட்டினாள். சௌம்யா பையனை முன்னால் விட்டாள்.

அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒன்று செய்தார்கள். அவரவர் தோளில் இருந்த கைக்குழந்தையின் துணியை விலக்கி, முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த நிமிடத்தில்தான் மகி கத்த ஆரம்பித்தாள். சந்தனத் தலையைச் சௌம்யாவின் கழுத்தில் மோதி, உதைத்து, முறுக்கை வீசி, முழுத் தொண்டையில். பையனும் அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினான். ஒரு மணி நேரமாக மூச்சுவிடாமல் இருந்த இரண்டும், சொந்தத் தாய் கைக்கு வந்த பிறகே அழுதன. கண்டக்டர், "இன்னாமா, எறங்குறியா, வர்றியா?" என்று கத்தினார். சௌம்யா இறங்கினாள். பஸ் போய்விட்டது. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ராத்திரி ராகவன் வந்து, இரண்டும் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தனியாவே சமாளிச்சிட்டியே" என்றான். அப்புறம் தர்மபுரிக்கு ஃபோன் போட்டு, "அம்மா, நீங்க வர வேணாம், மகி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நடந்ததை அவனிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தை மாசம் ஒரு மத்தியானம் என் வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். மகிக்கு முடி நன்றாக வளர்ந்து, சுருட்டை திரும்பிவிட்டது. உள் அறையில் என் டெஸ்ட் பேப்பர்களைக் கிழித்துக்கொண்டு ஒரே கூச்சல். நான் எழுந்தேன். சௌம்யா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, ஆட்டோவுல பயந்துபோய்தான் பேசாம இருந்தேன்னு உங்ககிட்ட சொன்னேன்ல."

"ஆமா."

"பயம் பாலம் தாண்டினதுக்கு அப்புறம்தான்கா வந்துச்சு. அதுக்கு முன்னாடியே பையன்னு தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் உக்காந்திருந்தேன். அது அழவே இல்லையே, சொன்ன இடத்துல உக்காந்திருக்கே, இப்படியே வீட்டுக்குப் போயிட்டா என்னன்னு இருந்துச்சு. எதிர்ல இருந்தவங்க பார்த்துடக் கூடாதுன்னு, துண்டை இழுத்து அந்தப் புள்ளையோட காதை மூடினேன்கா."

எனக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன? பெத்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அழவில்லை. மொச்சையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னாள்.

"பஸ்ஸுல நான் ஏறினப்போ, அவளும் மகியோட காதைத் துண்டால மூடித்தான் வெச்சிருந்தா."