சேலம் போக முடியாத நாள்

எங்கள் கள்ளக்குறிச்சியை யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மாவட்டத் தலைநகராம், கோர்ட்டாம், ஷேர் ஆட்டோவாம்! நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு பஸ் ஸ்டாண்டு, சில அரிசி மில், மலையிலிருந்து கடுக்காயும் தேனும் கொண்டு இறங்கி வருகிறவர்கள், அவ்வளவுதான் ஊர். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் சாலைக்கு இருபுறமும் புளியமரம் நின்றது. இன்று சாலை அகலம், நிழல்தான் இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் அந்த மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவன். நம் சனமும் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்றான். நியாயம்தான். மறியலன்றுதான் எனக்குச் சேலத்தில் நர்ஸ் படிப்புக்கு நேர்காணல். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"பயப்படாத. நாங்க ரோட்டத்தான் மறிக்கிறோம். ரயிலு ஓடும். சின்னசேலம் ஸ்டேசனுக்கு நானே கொண்டுபோயி வுடறேன்" என்றான்.

விடிந்ததும் சைக்கிளில் கிளம்பினோம். தான் வெட்டிய மரங்களின் மேலேயே சைக்கிளைத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். நான் புதுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி இறங்கினேன். சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போனால், தண்டவாளத்தின் மேல் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

"இன்னாம்மா, சேலம் போவணும்னா பஸ்ஸுல போவறதுதான? நாங்க ரயில மட்டுந்தான மறிச்சிக்கினு இருக்கோம்?" என்றார் துண்டு கட்டிய ஒருவர்.

அவசரத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது என்று இந்த ஊரும் நினைத்தது, அந்த ஊரும் நினைத்தது. ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! போன சீட்டு போனதுதான். அடுத்த வருஷமே என்னைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒதுக்கீடு வந்தது. வெகு காலம் கழித்து, அதில் அண்ணன் மகளுக்கு அதே நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது. சேருகிற நாளுக்கு முதல் நாளே அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போய்விட்டானாம். திரும்பியதும் இரண்டு பேரும் லட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"இது உன் சீட்டுதாம்மா" என்றான். கண் கலங்கியிருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் வயிறுதான் எரிந்தது. ஒரு லட்டை எடுத்து அந்தப் பெண்ணின் வாயில் ஊட்டினேன். நல்லா படி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஏண்டி, பஸ்ஸு ஒழுங்கா கெடச்சிதா?" என்று கேட்டேன்.