ஆவுடையப்பனுக்குக் கிடைத்த விரல்

ஆடித்தபசுத் திருவிழா நாடக மேடையில், முழங்கால்வரை தொங்கும் துண்டோடு, வலக்கைச் சுட்டுவிரலை வானத்துக்கு உயர்த்தியபடி கம்பவுண்டர் அண்ணாச்சி நுழைந்த கணம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அந்த விரல் என்னுடையது. பி.யூ.சி. மாணவியாக இருந்த நான் பேச்சுப் போட்டிகளில் முத்தாய்ப்புக்கு முன் உயர்த்தும் விரல். சங்கரன்கோவிலில் அதை அறியாதவர் இல்லை என்ற பெருமை அப்போது எனக்கு இருந்தது. இப்போதும் அது முழுவதும் போய்விடவில்லை.

ஒரு வார இதழ்த் தொடர்கதையில் அடுக்குமொழி ஆவுடையப்பன் என்றொரு கோமாளிப் பாத்திரம். தாகம் எடுத்தால்கூட எதுகை மோனையோடுதான் தண்ணீர் கேட்பார். எங்கள் தெரு நாடகக் குழு அந்தக் கதையைப் பாட்டும் ஆர்மோனியமுமாக இசை நாடகமாக்கியபோது, ஆவுடையப்பன் வேடம் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் அண்ணாச்சிக்கு வாய்த்தது. அச்சில் குரலும் கையும் இல்லாதிருந்த மனிதருக்கு அவர் என் ஏற்ற இறக்கத்தையும் என் விரலையும் கொடுத்தார். "மணக்கும் மோரே, மண்பானை மோரே, மாதரசி கைபட்ட மகத்தான மோரே" என்று இழுத்துப் பாடி முடித்ததும் கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று ஆர்ப்பரித்தது. அவர் காதில் கைவைத்து, "என்னது, ஒன்ஸ் மோரா? ஒரு செம்பு மோருக்கே வழியக் காணும்!" என்றார். ஊரே உருண்டு சிரித்தது.

மறுநாள் முதல் அந்தச் சொல் என் பெயராயிற்று. பேருந்துக்கு நின்றால், சைக்கிளில் போகிறவன் "ஒன்ஸ்மோர்!" என்று கூவிக்கொண்டு போவான். அப்பா அண்ணாச்சியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்.

"ஏன்வே, ஊரு சிரிக்கதுக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?"

"கோவப்படாதீய. பேச்சுன்னு நான் கேட்டது ஒங்க மவ பேச்சுதான். வேற யாரப் பாத்துப் படிக்க?"

அப்பா சமாதானமாகவில்லை. வாசகசாலை ஆண்டுவிழாப் பட்டிமன்றத்துக்கு நான் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். "அங்கயும் சிரிச்சாங்கன்னா அதோட மேடை வேண்டாம், மக்கா" என்றார். கோபத்தில் அல்ல, வலியில் சொன்னார். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை.

பட்டிமன்றத்தில், "அன்பில் அரும்பி, அறிவில் அலர்ந்து, அவையில் அமர்ந்திருக்கும்" என்று தொடங்கி விரலை உயர்த்தினேன். பின்வரிசையிலிருந்து "ஒன்ஸ்மோர்!" வந்தது. சிரிப்பு அலையாகப் புறப்பட்டது. அடுத்த சொல் எனக்கு வரவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கூட்டத்தின் நடுவே அண்ணாச்சி எழுந்தார். ஆவுடையப்பனின் அதே இழுவைக் குரலில், "ஏலே, மோரு கேக்கவன் மொதல்ல செம்பக் கொண்டு வாலே!" என்றார். சிரிப்பு அப்படியே திசைமாறி, கத்தியவன்மேல் போய் விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "செம்பு வரும்வரை நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதன்பின் நான் சொன்ன அத்தனையையும் கேட்டார்கள். தீர்ப்பு எதிரணிக்குப் போனது; தோல்வி எனக்குப் பெரிதாகத் தோன்றாத ஒரே பட்டிமன்றம் அதுதான்.

கதையை எழுதியவர் என்னைப் போன்றோரைக் கேலி செய்யத்தான் ஆவுடையப்பனைப் படைத்திருப்பார். அண்ணாச்சியோ அதே ஆவுடையப்பனை எனக்குக் காவலாக நிறுத்தினார். இன்று எத்தனையோ ஊர் மேடைகளில் சபை சிரிக்கும்போது நான் நடுங்காமல் நிற்கிறேன் என்றால், அது அவரால். இந்த நன்றியை மட்டும் எனக்கு மோனையில்லாமல்தான் சொல்ல வருகிறது.

அன்று பட்டிமன்றம் முடிந்து வீடு திரும்பும்போது, அப்பா தெருமுனை வந்ததும் நின்று, "சிவகிரியிலயும் பேசக் கூப்பிட்டிருக்காங்கன்னியே, எந்த பஸ்ஸுக்குப் போகணும்?" என்றார்.