ஏரிக்கரையில் நான் போட்ட தோப்புக்கரணம்

மைசூரில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். அவர்களுக்குக் கன்னடம்தான் சரளம். ஒருநாள் குக்கரஹள்ளி ஏரிக்குக் கூட்டிப்போனேன். "பார்க்கிறதையெல்லாம் தமிழ்ல சொல்லணும். கன்னடம் பேசினா தோப்புக்கரணம்!" என்றேன். ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது ஒரு கூழைக்கடா தொப்பென்று தண்ணீரில் இறங்கி, பை மாதிரித் தொங்கும் அலகில் மீனை அள்ளியது.

"அய்யோ, நோட்ரோ, நோட்ரோ!" என்று கன்னடத்தில் ஒரு கத்தல், 'பாருங்கடா, பாருங்கடா' என்பதுபோல. கத்தியது நான்தான்.

"மிஸ், தோப்புக்கரணம்!" என்று துள்ளினாள் சுகன்யா. காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். பிள்ளைகள் குதித்துக் குதித்து எண்ணினார்கள்: "ஒண்ணு! ரெண்டு! மூணு!"

அத்தனையும் தமிழ்.

அந்தச் சட்டத்தை அன்றே ஏரியில் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பறவையைப் பார்த்ததும் முதலில் கத்துகிறோம். எந்த மொழியில் என்று பிறகுதான் யோசிக்கிறோம்.