கர்னலும் நாலு பேரும்

என் தம்பி சில்வெஸ்டர் ஜெயித்தவை: இரண்டு வயதில் வந்த பெரியம்மை, ஜட்காக்காரனுக்குப் பெண் தர மாட்டேன் என்ற மாமனார், பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட கிழட்டுக் குதிரை, கடைசியாக, போலீஸ் போட்ட கேஸ். பள்ளிக்கூடத்தை மட்டும் அவன் ஜெயிக்கவில்லை. வீட்டில் படித்தவள் அக்கா நான் ஒருத்தி போதும் என்பான்.

குதிரைக்குக் கர்னல் என்று பேர். பட்டாளத்தில் பிகில் என்ற எக்காளத்தை ஊதினால், வண்டியில் யார் இருந்தாலும் பாய்ந்துவிடும். இதற்காகத் தம்பி இரண்டு தடவை அபராதம் கட்டினான். மூன்றாம் தடவை, அல்சூர்க் கடைத்தெருவில் போலீஸ் சார்ஜன்ட் ஹெர்பர்ட்டின் தொப்பி மேல் சக்கரம் ஏறியது. இழுத்துப் பிடித்ததில் கடிவாள வார் தம்பியின் இடது பெருவிரலை அறுத்துவிட்டது. வண்டியும் குதிரையும் பறிமுதல் என்றார்கள். கர்னலையும் சேர்த்து ஆறு வயிறு அந்த வண்டியை நம்பி இருந்தன.

"குதிரை மேல் பழி போடுகிறாயா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"எசமான், அது என் பேச்சைக் கேக்காது. சர்க்கார் பேச்சைத்தான் கேக்கும்."

கோர்ட்டே சிரித்தது. பார்த்துவிடலாம் என்று எல்லோரும் வண்டி நின்ற வாசலுக்கு வந்தார்கள். சார்ஜன்ட் வண்டியில் ஏறி உட்கார்ந்து, தன் விசிலை ஊதினார். கர்னல் காதைக்கூட ஆட்டவில்லை.

"பாத்தீங்களா? புளுகுறான்!" என்றார் சார்ஜன்ட்.

அந்த நேரம் பார்த்துப் பட்டாளத்து மைதானத்தில் பிகில் ஊதியது. "நிறுத்து! நிறுத்து!" என்ற சார்ஜன்டின் கூச்சல் தெருக்கோடியில் போய்த் தேய்ந்தது.

"இப்ப யார் மேல கேஸ் எழுதறது?" என்றார் குமாஸ்தா சந்தானம்.

பிகில் ஊதும் நேரத்தில் பட்டாளத்துப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வண்டியை விடலாம் என்றார் மாஜிஸ்திரேட். தம்பி பெருவிரலை நீட்டினான். அதில் பந்து போலக் கட்டு.

"ரேகை விழாதேப்பா. பேர் எழுதுவியா?" என்றார் சந்தானம்.

"எழுதுவேன் சாமி. ஆனா வண்டி வரணும்."

கோர்ட்டுச் சேவகன் பிடித்து வர, வண்டி வந்தது. சார்ஜன்ட் புதுத் தொப்பியும் இல்லாமல் நடந்து வந்தார். வண்டியின் பின்பக்கம் தம்பியின் பேர் எழுதிய லைசென்ஸ் பலகை. தினம் துடைத்துத் துடைத்துத் தம்பிக்கு அந்த எழுத்துகளின் வளைவெல்லாம் பழக்கம். அதைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தான்.

சந்தானம் உரக்கப் படித்தார்: "சில்வெஸ்டர், நாலு பேருக்கு மட்டும். யாருப்பா அந்த நாலு பேர்?"

"பலகையில அப்படித்தான் சாமி இருக்கு. ஒண்ணை விட்டா அதுக்கும் கேஸ் போடுவீங்க."

கோர்ட்டுக் காகிதத்தில் அடித்தல் கூடாதாம், அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். என் தம்பி முதன்முதலாகத் தன் பேரை எழுதியது 1911 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.